வேறு ஏதேனும் குறை உண்டா?

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் வாஷிங் மெஷினில் உதித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு கதை. அதில் ஒரு பெண் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று வாரமாக நிற்கிறாள். அவளுக்கு ரயில் வரவில்லை, எனக்கு இரண்டாவது பத்தி வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் துணி பிழிகிற கட்டத்தில் மெஷின் குதித்துக் குதித்துச் சமையலறை வாசல்வரை வந்து நின்றது. என் வீட்டில் ஏதோ ஒன்றாவது நகர்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் மாற்றுத்துணி இல்லாதவளுக்குத் தத்துவம் வராது. கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன்.

சரிசெய்ய வந்தவரைக் கூட்டாளிகள் 'நிதானம்' என்று கூப்பிடுவார்களாம். அவரே சொன்னார். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். நாள் பூராவும் வீடு வீடாக ஓடவேண்டிய ஒரு மெக்கானிக்கை, அதுவும் கூட வேலை பார்க்கிறவர்கள், நிதானம் என்று கூப்பிட்டால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

'காலைக் கதிரவனின் பொற்கிரணங்கள் அவனது கருவிப்பெட்டியின் மீது பட்டுத் தெறிக்க—'

(வேண்டாம். அன்று மழை மூட்டம். அவர் கொண்டுவந்தது பெட்டியும் இல்லை, ஜிப் போன ஒரு தோள்பை.)

இரண்டாவது முயற்சி:

'மனிதன் ஒரு புள்ளியாகச் சுருக்கப்படும் நம் காலத்தின் மாபெரும் கண்காணிப்புக் கூடத்தில், உழைப்பு என்பது—'

(இதை மேலே படித்தால் நிதானமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கட்டுரை கேட்டு யாராவது தொந்தரவு செய்தால் கொடுத்துக்கொள்ளலாம்.)

மூன்றாவது:

நிதானம் காலணியை வாசலில் கழற்றினார். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால், என்னைப் பார்ப்பதற்கும் முன்னால், போனை எடுத்து 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினார். என் போனில் நான்கு இலக்க எண் ஒன்று வந்து விழுந்தது. "அதை இப்ப சொல்லிடாதீங்க மேடம். வேலை முடிஞ்சப்புறம் சொன்னா போதும்" என்றார்.

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

அந்தப் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து அவருக்கு நேரம் ஓடத் தொடங்குகிறது. மெஷின் குதிக்கிறதா, இவ்வளவு நேரம். தண்ணீர் கசிகிறதா, இவ்வளவு நேரம் என்று செயலிக்குள் யாரோ நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனி அலுவலகத்தில் ஒரு பெரிய திரை இருக்கிறதாம். அதில் ஊரெல்லாம் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மெக்கானிக். நேரத்துக்குள் இருந்தால் பச்சை. நேரம் தீரப்போகிறது என்றால் மஞ்சள். தாண்டினால் சிவப்பு. வாடிக்கையாளரிடம் இருக்கும் எண்ணை வாங்கிப் போட்டால்தான் வேலை மூடும். மூடிய கையோடு அடுத்த வீட்டு முகவரி வந்து நிற்கும்.

3.

இனி அவர் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னதையும், சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியதையும் கலந்து தருகிறேன். எது எது என்று பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். துவைத்த பிறகு எந்தச் சாயம் எந்தத் துணியுடையது என்று சொல்ல முடியுமா?

நிதானத்துக்கு இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. இன்னொன்று விழுந்தால் அவரை வீடுகளுக்கு அனுப்பமாட்டார்கள். கிடங்கில் போட்டுவிடுவார்கள். திரும்பி வந்த உதிரி பாகங்களைத் துடைத்து, ரகம் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. கிடங்குக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை. அந்த அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, நிதானத்தின் மனைவிக்கு அண்ணன்.

வேலை வாங்கிக் கொடுத்ததும் இந்த மச்சான்தான். அதுதான் வினை. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாதே என்று அவர் மற்றவர்களுக்கு ஒரு பிடி என்றால் நிதானத்துக்கு இரண்டு பிடி பிடிப்பார். மற்றவர்களுக்குச் சிவப்பு விழுந்தால் போனில் செய்தி போகும். நிதானத்துக்கு விழுந்தால் மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்து நேரில் சொல்லுவார். இரண்டு குடும்பமும் ஒரே வீடு. மச்சான் மேலே, இவர்கள் கீழே. அவர் சொல்லிவிட்டு ஏறிப்போனதும் மனைவி தொடங்குவார்: "எங்க அண்ணன் பேரைக் கெடுத்துடாதீங்க." அலுவலகத்தில் ஒருமுறை, வீட்டில் இருமுறை என்று ஒரே சிவப்பு மூன்று தரம் விழும்.

அதே கம்பெனியில் 'ராக்கெட்' என்று இன்னொருவர் இருக்கிறார்.* எப்போதும் பச்சை. நோட்டீஸ் பலகையில் அவருடைய சிரித்த முகம்.

* ராக்கெட் போய்விட்டு வந்த வீட்டிலிருந்து அடுத்த வாரமே மறுபடி புகார் வருமாம். அவரே மறுபடி போவாராம். செயலிக்கு அது புது வேலை, புதுப் பச்சை. ஒழுங்காகச் சரிசெய்தால் ஒரு பச்சை, அரைகுறையாகச் செய்தால் இரண்டு. நான் ராக்கெட்டைக் குறை சொல்லவில்லை. தொடர்கதை எழுதுகிற நாங்களும் இதைத்தான் செய்கிறோம்.

நிதானம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தபோது திரையில் ஒரு படம். இரண்டு கைக்குழந்தைகள், இரண்டும் வாயைப் பிளந்து அழுகின்றன.

"ரெட்டையா தம்பி?"

"ஆமா மேடம். ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எந்திரிக்கும். ரெண்டும் ஷிஃப்ட் போட்டு வேலை பாக்குது. எங்களுக்குத்தான் ஷிஃப்ட் இல்ல."

"சிரிக்கற படம் ஒண்ணும் கிடைக்கலியா?"

"சிரிக்கும்போது நாங்க தூங்கிடறோமே." அப்புறம் என் மேசையை எட்டிப் பார்த்தார். "மேடம் என்ன வேலை பாக்கறீங்க?"

"கதை எழுதறேன்."

"எப்ப எழுதுவீங்க?"

"இப்பத்தான். நீங்க வந்தப்பகூட எழுதிட்டுத்தான் இருந்தேன்."

"நான் வந்ததுலேருந்து நீங்க சுவத்தைத்தானே பாத்துட்டு இருந்தீங்க?"

"யோசிக்கறதும் வேலைதான் தம்பி."

"எங்க ஆப்ல யோசிக்கறதுக்குப் பட்டன் இல்ல மேடம்" என்றார், ரொம்ப அனுதாபமாக. "உங்களுக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டாங்கன்னா, முழுக்கச் சிவப்புதான்."

4.

(இந்தப் பகுதியில் ஆசிரியர் அசைவின்றி இருந்தார். புள்ளி சிவப்பு.)

5.

டிரம் நான்கு ஸ்பிரிங் கம்பிகளில் தொங்குகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்று இற்றுக் கழன்றிருந்தது. நிதானம் புதிதை மாட்டினார், மூடினார், வாளியில் கிடந்த என் வீட்டுக்காரரின் சட்டைகளையும் ஒரு படுக்கை விரிப்பையும் உள்ளே போட்டு மெஷினை ஓடவிட்டார்.

"முடிஞ்சுதா தம்பி? எண்ணைச் சொல்லட்டுமா?"

"இருங்க மேடம். ஒரு ஓட்டம் முழுசா ஓடட்டும். பிழியறப்ப குதிக்காம நின்னாத்தான் சரியாச்சுன்னு அர்த்தம்."

"அதுக்கு உங்க ஆப் நேரம் கொடுக்குதா?"

"எங்க கொடுக்குது! அங்கதான் எனக்குச் சிவப்பு விழுது. கஸ்டமர் வேற ஏதாவது குறை சேர்த்தாங்கன்னா நேரம் கூட்டித் தரும். உங்க போனுக்கே கேள்வி வந்திருக்கும் பாருங்க. ஆனா யாரும் சேர்க்க மாட்டாங்க. ஓடற மெஷினுக்கு யாரு குறை சொல்வாங்க?"

சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகு சுவரில், தலை மெஷினின் ஓரத்தில். உள்ளே துணி ஒரு பக்கம் புரண்டு, நின்று, மறுபக்கம் புரண்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிடங்குக்கே போகநேர்ந்தாலும் பரவாயில்லை, வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர்! ரயில் நிலையத்துப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் எழுதினேன்:

'வேகமே வேதமாகிவிட்ட உலகில், தன் கைகளின் படைப்பின் மீது ஒரு மனிதன் கொண்டிருக்கும் அறம் சார்ந்த அந்த மெய்யான—'

குறட்டை கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அறம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

ஏமாற்றமாக இருந்தது, மறைக்கமாட்டேன். நான் கஷ்டப்பட்டுச் செதுக்கிய பாத்திரம் கண்ணெதிரே கவிழ்ந்த வாளியில் சரிந்துவிட்டது. சரி, தூங்குகிறவர் ஆட்சேபிக்க மாட்டார் என்ற தைரியத்தில் அவருக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கிறேன்.

குழந்தைகள் பிறந்த புதிதில் ஏதோ ஒரு வீட்டில் இப்படித்தான் சோதனை ஓட்டத்துக்காக உட்கார்ந்தார். டிரம் சுழலும் சத்தம், உள்ளே தண்ணீர் புரளும் சத்தம், முதுகில் இதமான அதிர்வு. கண்ணைத் திறந்தபோது மெஷின் வேலை முடிந்ததற்கான மணியை அடித்துக்கொண்டிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் தூங்கியது அதுதான். அதற்குப் பிறகு, குதிக்கிற மெஷின் இருந்த எந்த வீட்டிலும் ஒரு முழு ஓட்டம் பார்க்காமல் அவர் எழுந்ததில்லை. யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்தான். நான் மட்டும் விழித்திருக்கிறேனே என்று மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வது? கிடங்கில் எந்த டிரம்மும் ஓடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் வேறு. சம்பளம் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். தூக்கமில்லாமல் எப்படிச் சமாளிப்பது?

அப்படியானால் வேலைச் சுத்தம் என்று சொன்னது பொய்யா? இல்லை. குதிக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்கிறார், தூங்கத்தான் உட்கார்கிறார். ஒரு காரியத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கவேண்டும் என்பது கதை எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி.

6.

மெஷின் மூடிமேல் கிடந்த அவருடைய போன் டிங் என்றது. மஞ்சள்.

"தம்பி" என்றேன். என் காதுக்கே எட்டவில்லை.

எழுப்பத்தான் போனேன், சத்தியமாக. கை தோள்வரை போயிற்று. அந்த முகத்தைப் பார்த்தேன். போன் படத்தில் இருந்த குழந்தைகளின் வாய் அப்படியே அப்பாவுக்கு. எழுப்ப மனசு வரவில்லை. திரும்பி வந்து என் போனை எடுத்தேன். திரையில் கேள்வி காத்திருந்தது: 'வேறு ஏதேனும் குறை உண்டா?'

மூடி சரியாகப் படியவில்லை, என்று எழுதினேன்.

அவருடைய போனில் மஞ்சள் மறைந்து பச்சை வந்தது. பொய் எழுதுவது என் பிழைப்பு. ஆனால் இத்தனை வருஷத்தில் என் பொய் ஒன்றுக்கு இவ்வளவு உடனடியாகப் பலன் கிடைத்துப் பார்த்ததில்லை.

தண்ணீர் தயங்கித் தயங்கி வருகிறது, என்று அடுத்ததை எழுதினேன். (திரும்பப் படித்தேன். 'தயங்கித் தயங்கி' நன்றாக வந்திருந்தது.)

சோப்புத்தூளை வாங்கிக்கொள்கிறது, நுரையைத் தர மறுக்கிறது.

பிழிவதற்கு முன், எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வது போல ஒரு சத்தம்.

இங்கே நிறுத்தியிருக்கவேண்டும். நேரம் தாராளமாகச் சேர்ந்துவிட்டது. அவர் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, காப்பி குடித்துவிட்டே போகலாம். ஆனால் மூன்று வாரமாக வராத ரயில் எனக்கு வந்துவிட்டது. ஓடுகிற கையை எந்த எழுத்தாளர் நிறுத்தியிருக்கிறார்?

வீட்டில் யாரும் இல்லாதபோதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அனுப்பினேன். பதில் வந்தது: 'ஒரே இயந்திரத்தில் ஐந்து கூடுதல் குறைகள் பதிவாகியுள்ளன. விதிப்படி மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்வையிடுவார். அவர் உங்கள் தெருவுக்கு அருகில்தான் இருக்கிறார். வேறு ஏதேனும் குறை உண்டா?'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

7.

வாசல் மணி அடித்தது.

கொஞ்சம் நிறுத்துகிறேன். கதைக்குள் மட்டும்தான் இப்படி நிறுத்த முடியும்; வாழ்க்கையில் நிறுத்தினால் மஞ்சள் விழுந்துவிடும். மச்சான் வெளியே நிற்கட்டும். நாம் முடிவுகளைப் பார்ப்போம்.

முடிவு அ: மச்சான் வருகிறார், பார்க்கிறார், எழுப்புகிறார். சிவப்பு. கிடங்கு. விமர்சகர்கள் யதார்த்தம் என்று தலையாட்டுவார்கள். நிதானத்தின் மனைவி என்னைத் தேடி வருவார்.

முடிவு ஆ: நான் வாசலில் நின்று உழைப்பையும் உறக்கத்தையும் பற்றி நாலு வார்த்தை பேசுகிறேன். மச்சான் கண் கலங்கி— (எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.)

முடிவு இ: மணிச் சத்தத்தில் நிதானம் துள்ளி எழுந்து, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக மெஷினுக்குள் தலையை விட்டிருக்கிறார். (நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குழந்தை சிணுங்கினால் விழிப்பவர், வாசல் மணிக்கு விழிப்பவரில்லை. இடிக்கிறது.)

மணி இரண்டாம் தரம் அடித்தது. திறந்தேன்.

8.

நெட்டையான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். கண்ணுக்குக் கீழே மட்டும் கருவளையம்.

"அஞ்சு கம்ப்ளெய்ன்ட் மேடம்! நான் சேர்ந்ததுலேருந்து இப்படி ஒண்ணு பாத்ததில்ல. எங்க ஆள் எங்க?"

"உள்ள இருக்காரு. வேலை பண்றாரு."

"என்ன வேலை?"

எழுதச் சொன்னால் ஒன்பது பக்கம் எழுதுவேன். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "மெஷினைக் கேட்டுட்டு இருக்காரு" என்றேன்.

"மெஷின்கிட்ட என்ன கேக்கறான்?"

"இல்ல, சத்தத்தை. காதை வெச்சு."

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிழிவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்குமே, அந்த இடைவெளி. வீடு நிசப்தமாகிவிட்டது. குறட்டை தெள்ளத்தெளிவாக நடைவரை வந்தது.

"என்ன சத்தம் அது?"

"அதுதான் நாலாவது குறை" என்றேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது மெஷின் இல்ல மேடம். இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்டுல கீழேருந்து மாடிக்கு வரும். நான் பல தடவை சண்டையே போட்டிருக்கேன்." டேப்லெட்டைத் தாழ்த்தினார். "புள்ளைங்க பொறந்ததுக்கப்புறம் கேக்கவே இல்ல."

அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

நிதானம் அப்படியே இருந்தார். மச்சான் அவரை எழுப்பக் கையை நீட்டினார். அதற்குள் மெஷின் பிழியத் தொடங்கியது. நீட்டிய கை நின்றுவிட்டது. இருவரும் மெஷினைப் பார்த்தோம். வேகம் ஏறியது. மூன்று நாள் முன்பு இதே வேகத்தில்தான் அது சமையலறைக்கு நடந்து வந்தது. இப்போது குதித்தால் நிதானத்தின் தலை இடிபடும், விழிப்பார், மச்சானைப் பார்ப்பார், எல்லாம் முடியும். இன்னும் வேகம் ஏறியது. டிரம் விர்ரென்று சுழன்றது. மெஷின் இருந்த இடத்தில் இருந்தது. நிதானத்தின் தலை அதன்மேல் இருந்தது. ஒரு மயிரிழை அசையவில்லை.

மச்சான் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு டேப்லெட்டைத் திறந்தார். அதுவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர் குரல் தணிந்துவிட்டது. "அஞ்சு குறையும் நிஜமாவே இருக்கா மேடம்?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணொண்ணா நானே பரிசோதிச்சுப் பதியணும். அதுதான் ரூல். ராக்கெட்டு மாதிரி ஏனோதானோன்னு பண்ண முடியாது." எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். சட்டை மடிப்பு கலைந்தது. "மூடி சரியாப் படியலன்னு எழுதியிருக்கீங்க. அதைக் கொஞ்ச நேரம் உத்துப் பாக்கணும்."

மூடி கச்சிதமாகப் படிந்திருந்தது. அவர் அதை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மெஷின் மணியடிப்பதற்கு முன்பே நான் ஓசைப்படாமல் போய் அடுத்த ஓட்டத்தைப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரின் சட்டைகள் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டாவது ஓட்டத்திலும் மச்சான் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

9.

நீங்கள் சந்தேகப்படுவது எனக்குப் புரிகிறது. ஐந்து பொய் சொன்னவள் ஆறாவது சொல்லமாட்டாளா? மச்சான் இவ்வளவு நல்லவரா? மச்சான் என்று ஒருவர் வந்தாரா? நியாயமான கேள்விகள். முடிவுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. உத்தரவாதக் காலம் முடிந்த மெஷின்தான் இதுவும்.

ஒன்று மட்டும் உறுதி: எண் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் வேலை மூடும், கதையும் மூடும், பச்சையிலேயே மூடும். ஆனால் அந்த நொடியே அடுத்த முகவரி வந்து விழும். நிதானம் எழுந்தாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் அவர் தூங்கலாம். ஆனால் நான் புளுகிச் சேர்த்த நேரமும் ஒரு கட்டத்தில் தீரும், சிவப்பு விழும், அப்போது மச்சானாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாவது குறை எழுத எனக்குத் தைரியமில்லை. அதற்கு யார் புறப்பட்டு வருவார்களோ!

எவ்வளவு தூங்கினால் ஒரு மனிதனுக்குப் போதும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. செயலிக்கும் தெரியாது. அதனால் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஏழு, பூஜ்யம், மூன்று. நான்காவது இலக்கத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எது வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், சரியானது வரும்போது வேலை மூடிக்கொள்ளும்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரமில்லை.